டிரான்ஸ்பர்சனல் உளவியல் படிக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோவையில் முதுகலை உளவியல் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துகிறேன். இந்த வருடம் மூன்று பேர் டிரான்ஸ்பர்சனல் உளவியலை, அதாவது 'நான்' என்பதைத் தாண்டிய அனுபவங்களைப் பற்றிய துறையை எடுத்திருந்தார்கள். மூன்றிலும் நான் அந்த வயதில் செய்த அதே தவறுகள். பெயர், வருடப் பிழைகளை விடுங்கள், அவை தானாகச் சரியாகிவிடும்.

மாஸ்லோவைப் பிரமிடோடு நிறுத்துவது

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ. அந்த அடுக்கைப் பிரமிடாகத்தான் பாடப்புத்தகங்கள் வரைகின்றன, ஆனால் அவருடைய 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது. கடைசிக் காலத்தில், உச்சிப் படியான சுயநிறைவுக்கும் மேலே, தன்னைக் கடப்பதை வைத்தார். உளவியலாளர் அந்தோணி சூட்டிச் போன்றவர்களோடு அவர் பேசிப் பேசித்தான் 1969-ல் இத்துறைக்கென்று தனி இதழ் வந்தது.

"எல்லாம் நம் சித்தர்கள் சொன்னதுதான்"

இந்த வரியைக் கண்டால் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

எல்.எஸ்.டி.யை மறைப்பது

வேண்டாம். இத்துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் குரோஃபின் தொடக்க ஆய்வுகள் பிராகில் அந்த மாயத்தோற்ற மருந்தை வைத்துத்தான் நடந்தன.

அருளையும் நோயையும் குழப்புவது

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்த்த பையனை அவன் அப்பா கூட்டி வந்தார். "பத்து நாளாக் கண்ணே மூடலைங்க, தறிச் சத்தத்துல மாரியாத்தா பேசுதுங்கறான்" என்றார். குரோஃபும் அவர் மனைவி கிறிஸ்டினாவும் 'ஆன்மிக நெருக்கடி' பற்றி, அதாவது மனநோய் போலத் தோன்றும் ஆன்மிக அனுபவங்களைப் பற்றி எழுதியதை நான் அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். பையன் பத்து விரலிலும் நூல் சுற்றியிருந்தான். எந்த விரலில் எந்தச் சாமி என்று அவன் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேனே தவிர, மனநல மருத்துவரிடம் அனுப்பவில்லை. மூன்று வாரம் கழித்து, நடு ராத்திரியில் கிணற்றுமேட்டில் நின்றவனை அக்கம்பக்கத்தார் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, மாத்திரை, தூக்கம் எல்லாம்.

இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது இதுதான்: அந்த அப்பா முதல் நாளே சொன்னார், "எங்கம்மாளுக்கும் சாமி வருமுங்க, ஆனா இது அது இல்லீங்க." நோம்பியில் கம்பத்தைச் சுற்றி அருள் வந்து ஆடுகிற அம்மா, திருநீறு போட்டதும் தண்ணீர் குடித்துவிட்டு எருமைக்குத் தட்டுப் போடப் போய்விடுவார். அவர் திரும்பி வருகிறார், பையன் வரவில்லை. படிக்காத மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

துறைக்குள்ளேயே இந்த எச்சரிக்கை உண்டு. 'நான்' உறுதிப்படாத நிலையும் 'நான்' கடந்த நிலையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் என்று இத்துறையில் எழுதிவந்த அமெரிக்கர் கென் வில்பர் 1980-லேயே எழுதினார். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994 கையேட்டில் 'சமய அல்லது ஆன்மிகச் சிக்கல்' என்ற வகை சேர்ந்ததைப் பெரிய வெற்றியாக எல்லோரும் எழுதுகிறார்கள், சரி. ஆனால் அது மனநோயால் வராத சிக்கல்களுக்கான வகை. நோய் இல்லை என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

மூன்று ஆய்வேட்டிலும் நேர்காணல் கேள்விகளில் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. மூன்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.