கைட்டன் எந்தச் சிற்றினம்? கண்ணை ஏமாற்றும் சில அடையாளங்கள்

சென்னையை ஒட்டிய கோவளத்தில் அமாவாசைக்கு மறுநாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். வத்தத்தில் கடல்நீர் நன்றாக இறங்கியிருந்தது. கணுக்கால் தண்ணீரில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினோம். அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு கைட்டன்கள் ஒட்டியிருந்தன. பாறையில் ஒட்டி வாழும், முதுகில் எட்டு ஓடு கொண்ட கடல் உயிர் அது. ஒன்று பாசிப் பச்சை. இன்னொன்று வறுத்த காப்பிக்கொட்டை நிறம், முதுகின் நடுவே வெள்ளைக் கீற்று. கூட வந்த கல்லூரி மாணவி நோட்டில் உடனே "இரண்டு சிற்றினம்" என்று எழுதிவிட்டாள்.

"கலரே வேற வேறயா இருக்கே அக்கா, அப்புறம் எப்படி ஒண்ணா இருக்கும்?"

லென்ஸை அவள் கையில் கொடுத்து, முதுகு ஓடுகளை விட்டுவிட்டு அவற்றைச் சுற்றி ஓடும் பட்டையைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரிப் பொடிச் செதில்கள், ஒரே அளவு, ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய கோடுகள். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டாள்.

கைட்டன்களோடு பழகிய இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: முதலில் கண்ணில் படும் அடையாளம் சிற்றினத்தைச் சொல்ல ஆகக் குறைவாக உதவுகிறது. உதவும் அடையாளங்கள் ஓரத்திலும் அடியிலும் இருக்கின்றன. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கே பார்க்காமல் விடுவதால் வருபவை.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துவிடலாம். கைட்டன் வேறு, கைட்டின் வேறு. தமிழில் எழுதும்போது ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் தேர்வுத்தாள் முதல் கட்டுரை வரை இரண்டும் கலந்துவிடுகின்றன. நண்டு, இறால், பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் வேதிப்பொருள் கைட்டின். நாம் பேசும் கைட்டன் ஒரு மெல்லுடலி. நத்தை, சிப்பி, கணவாய்க்கு உறவு. இதன் ஓடு சுண்ணாம்பால் ஆனது. இரண்டு பெயருமே பழைய கிரேக்கர்கள் உடுத்திய அங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. கைட்டன் ஓட்டைக் கைட்டின் என்று எழுதினால் விலங்கின் தொகுதியே மாறிப்போகும்.

அடுத்த தவறு, கைட்டன் அல்லாததைக் கைட்டன் என்பது. சென்னைக் கரை பெரும்பாலும் மணல். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் பாறை உயிர்களுக்கு வீடு. இயற்கைப் பாறை பார்க்க வேண்டுமென்றால் மாமல்லபுரம் கடற்கோயில் பக்கம் போகலாம். இந்தக் கற்களில் முட்டை வடிவில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் கைட்டன் கிடையாது. கூம்புத் தொப்பி மாதிரி ஒற்றை ஓடு இருந்தால் அது லிம்பெட் என்ற நத்தை வகை. ஆள் நிழல் பட்டதும் கூட்டமாக ஓடி இடுக்கில் ஒளிவது லிஜியா. நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது, ஏழு ஜோடிக் கால் உண்டு. அதிகம் ஏமாற்றுவது ஓன்கிடியம் வகை நத்தை. ஓடே இல்லாமல், பரு பருவாக, பாறை நிறத்தில் அப்பியிருக்கும். ஓடு தேய்ந்துபோன கைட்டன் என்று அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு கொம்பு நீண்டு வரும், நுனியில் கண் இருக்கும். கைட்டனின் தலையில் கொம்பும் இல்லை, கண்ணும் இல்லை.

இதில் தவறியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளை வகைப்படுத்தியபோது, பல ஓடு உடையவை என்ற ஒரே காரணத்தால் கைட்டனையும், பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் கொட்டலசையும் (பார்னக்கிள்) ஒரே கூட்டத்தில் சேர்த்தார். கொட்டலசு நண்டின் சொந்தம் என்பது பிறகு அதன் குஞ்சுப் பருவத்தைப் பார்த்தபோதுதான் தெளிவானது. ஓட்டை மட்டும் எண்ணினால் அவ்வளவு பெரிய மனிதருக்கே தடம் மாறியிருக்கிறது.

ஓட்டின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கைட்டனுக்கு எட்டு ஓடு. முன்னால் தலை ஓடு, நடுவில் ஆறு, கடைசியில் வால் ஓடு. எப்போதாவது ஏழு ஓட்டோடு ஒன்று கிடைக்கும். அது வளர்ச்சியில் நேர்ந்த கோளாறு. புதுச் சிற்றினம் கண்டுபிடித்துவிட்டோம் என்று கிளம்ப வேண்டாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். உலகத்தில் ஏறக்குறைய ஆயிரம் சிற்றினக் கைட்டன்கள் இருக்கின்றன. சிலவற்றில் நிறமும் கோலமும் உண்மையிலேயே துப்பு கொடுக்கும். ஆனால் இஸ்க்னோகைட்டன் போன்ற பேரினங்களில் ஒரே கல்லுக்கு அடியில், ஒரே சிற்றினத்துக்குள், பச்சை, பழுப்பு, வெள்ளை, புள்ளி, பட்டை எல்லாம் வரும். போதாக்குறைக்கு ஓட்டின் மேல் பாசி படரும், கொட்டலசு குஞ்சு ஒட்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொன்று. சாராயத்தில் போட்டு வைத்த மாதிரியின் நிறத்தை உயிருள்ளதோடு ஒப்பிடுவது இன்னும் மோசம், அது பெரும்பாலும் வெளிறிப்போயிருக்கும். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியில் வர வேண்டியது பட்டை. எட்டு ஓட்டையும் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் அந்தத் தசைப் பட்டையை கர்டில் என்பார்கள். வெறும் கண்ணுக்கு அது தோல் விளிம்பு மாதிரித்தான் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் வைத்துப் பார்த்தால் வேறு உலகம். கைட்டன் என்றே பெயருள்ள பேரினத்தில் பட்டை முழுக்க வழவழப்பான செதில்கள், பாம்புத் தோல் போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். இஸ்க்னோகைட்டனிலும் செதில்தான், ஆனால் பொடிசு, பெரும்பாலும் மேலே வரி ஓடும். அகாந்தோப்ளூராவில் செதிலுக்குப் பதில் சுண்ணாம்பு முட்கள். பல சமயம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டினாற்போல இருக்கும். அகாந்தோகைட்டோனாவில் இரண்டு பக்கமும் ஓடுகள் சந்திக்கும் இடத்துக்கு நேராகக் குஞ்சம் குஞ்சமாக ஊசி முடிகள். தலை ஓட்டைச் சுற்றி நான்கு, பக்கத்துக்கு ஏழு, ஆக மொத்தம் 18 குஞ்சம். எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்போது ஒரு சந்தோஷம். இந்தப் பேரினத்தில் நம் கரையின் பெயரைத் தாங்கிய ஒன்றும் இருக்கிறது: 1927ல் விங்க்வொர்த் என்ற ஆய்வாளர் பெயரிட்ட அகாந்தோகைட்டோனா மாஹென்சிஸ், மேற்குக் கரையில் உள்ள மாஹேயின் பெயரில்.

பட்டையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். அகாந்தோகைட்டோனாவில் பட்டை ஓட்டின் மேல் ஏறி வந்திருப்பதால் ஓடு சிறிதாகத் தெரியும். கிரிப்டோப்ளாக்ஸில் உடம்பு புழு மாதிரி நீண்டு, ஓடுகள் சுருங்கி, பின்பக்க ஓடுகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கிடக்கும். அதைக் கடல் அட்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். வட பசிபிக்கில் இருக்கும் கிரிப்டோகைட்டன் 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், ஆனால் வளர்ந்த ஒன்றில் ஒரு ஓடுகூட வெளியே தெரியாது, பட்டை எல்லாவற்றையும் மூடிவிடும். ஓடு தெரியவில்லை என்பதற்காகக் கைட்டன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஓட்டில் படிக்க வேண்டியது அதன் செதுக்கல். நடு ஓடு ஒவ்வொன்றும் கூரை மாதிரி, நடுவில் முகடு. ஓட்டின் பின்விளிம்பு நடுவிலிருந்து முன் மூலைகளுக்கு ஒரு சாய்கோடு போகும். கோட்டுக்கு முன்னால் ஒரு பகுதி, பின்னால் ஓரமாக முக்கோணமாய் இன்னொரு பகுதி. முன்பகுதியில் நீளவாக்கில் வரி, முக்கோணத்தில் மணி மணியாகப் பரு, இப்படி இரண்டிலும் வேறு வேறு வேலைப்பாடு இருக்கலாம். "ஓடு சொரசொரப்பு" என்று மொத்தமாக எழுதினால் இந்த வித்தியாசம் போய்விடும்.

இங்கே ஒரு பொறி. அலை அடிக்கும் பாறையின் மேற்பக்கம் வாழும் கைட்டன்களில், முக்கியமாக அகாந்தோப்ளூராவில், ஓட்டின் மேல்தளம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். பெரியதாகக் கண்ணில் படுவது அதுதான், நாம் படம் எடுப்பதும் அதைத்தான். வழவழப்பான ஓடு என்று எழுதிவிட்டால் புத்தகத்தில் வேறு எங்கோ கொண்டுபோய்விடும். தேய்மானம் முகட்டில் அதிகம், பட்டையை ஒட்டிய ஓரத்தில் குறைவு. அதனால் ஓரத்தைப் பாருங்கள். பக்கத்தில் குட்டி இருந்தால் அதையும் பாருங்கள், அதில் செதுக்கல் புதிதாக இருக்கும். ஆனால் குட்டியை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்; வயது ஏற ஏற வரிகள் கூடும்.

தலையும் வாலும் மாறிப்போவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கைட்டனைத் தலைகீழாக ஒட்டி, வால் ஓட்டுக்குத் "தலை" என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். பல வருடம் பிள்ளைகள் அதைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. வீட்டுக் கூரையில் ஓடு வேய்வது போல, கைட்டனில் முன் ஓட்டின் பின்விளிம்பு அடுத்த ஓட்டின் மேல் படியும். எது மேலே படிகிறதோ அந்தப் பக்கம் தலை. வால் ஓட்டில் பெரும்பாலும் ஒரு சின்ன மேடு இருக்கும், மியூக்ரோ என்பார்கள். அந்த மேடு ஓட்டின் நடுவில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா, அதற்குப் பின்னால் சரிவு குழிவா, நேரா என்பதெல்லாம் சிற்றினத்தைப் பிரிக்கும் அடையாளங்கள். வாலைத் தலை என்று எடுத்துக்கொண்டால் இவ்வளவும் வீணாகும். மேலிருந்து எடுத்த படத்தில் மியூக்ரோ சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

பாறையிலிருந்து பிய்த்தால் கைட்டன் மரவட்டை மாதிரி சுருண்டுகொள்ளும். சுருண்டதை அப்படியே காயவிட்டு அளவெடுப்பது வீண் வேலை. பட்டை சுருங்கும், முடியும் முள்ளும் உதிரும், நீளம் அகலம் எதுவும் சரியாக வராது. அனுமதியோடு மாதிரி எடுப்பவர்கள் அதை ஒரு தட்டைக் குச்சியிலோ கண்ணாடித் துண்டிலோ நூலால் கட்டி நேராக்கி, பிறகு சாராயத்தில் வைப்பார்கள். ஃபார்மலினில் போட்டு வைக்கக் கூடாது. அதன் அமிலம் பட்டையிலுள்ள சுண்ணாம்புச் செதிலையும் முள்ளையும் அரித்துவிடும். எந்த அடையாளத்துக்காக எடுத்தோமோ அதையே கரைத்த மாதிரி ஆகும்.

மற்றவர்கள் எடுக்கவே வேண்டாம், படம் போதும். ஆனால் ஒரே ஒரு படம் போதாது. முழு முதுகு, பட்டையின் நெருக்கப் படம், பக்கவாட்டு, வால் ஓடு, கூடவே அளவு காட்ட ஒரு ஸ்கேல். வெயிலில் ஈர ஓடு கண்ணாடி மாதிரி பளபளத்து வரியெல்லாம் மறைந்துவிடும், குடை பிடித்து நிழல் செய்துகொண்டு எடுங்கள். சென்னையில் ஏற்ற வத்த வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் வெளியே தெரியும் பாறைப் பட்டையும் குறுகல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால்தான் கீழ்க் கல்லைப் பார்க்க முடியும். கல் எந்த உயரத்தில் இருந்தது, கைட்டன் மேலே இருந்ததா அடியில் இருந்ததா என்றும் எழுதுங்கள்.

உயிர்களை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலியில் படத்தைப் போட்டதும் அது ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் கலிபோர்னியா கரையில் மட்டும் வாழ்வதாகக்கூட இருக்கலாம். பெயர் வந்ததும் அது இந்தியப் பெருங்கடலில் உண்டா என்று முதலில் பாருங்கள். பழைய புத்தகப் பெயர்களையும் அப்படியே எடுக்க வேண்டாம். ஒரு காலத்தில் எல்லாமே கைட்டன் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன, இப்போது பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டன.

நல்ல படம் எல்லாம் இருந்தும் பல சமயம் சிற்றினம் சொல்ல முடியாது. காரணம், முடிவு சொல்லும் அடையாளங்கள் பட்டைக்குள் புதைந்திருக்கின்றன. ஓட்டின் ஓரம் பட்டைக்குள் செருகும் இடத்தில் சிறு வெட்டுகள் இருக்கும். தலை ஓட்டில் எத்தனை, நடு ஓட்டில் எத்தனை, வால் ஓட்டில் எத்தனை என்று எண்ணுவார்கள். கைட்டன் குடும்பத்தில் அந்த விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருக்கும். அடியில் உள்ள அகன்ற தசைக் காலின் இரண்டு பக்கமும் உள்ள செவுள் வரிசை முழு நீளத்துக்கும் போகிறதா, பின்பாதியில் மட்டும் நிற்கிறதா என்பதும் முக்கியம். அப்புறம் நாக்கு. கைட்டனின் நாக்கில் உள்ள பற்களின் நுனியில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது இருக்கிறது. 1962ல் லோவன்ஸ்டாம் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். பாறையைச் சுரண்டித் தின்ன அப்படி ஒரு பல். அந்தப் பல்லின் முனை ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதுகூட ஒரு அடையாளம். இதெல்லாம் நுண்ணோக்கி வேலை. சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஜூவாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவின் கடல் உயிரியல் மையம் மாதிரியான இடத்தில் நடப்பது.

ஆகவே படத்தை வைத்து முழுப் பெயர் எழுத வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பேரினத்தோடு நிறுத்தி, பின்னால் "சிற்றினம் முடிவாகவில்லை" என்று எழுதுவது முழுமையான பதிவுதான். தவறான முழுப் பெயர் ஒன்று பதிவேறிவிட்டால், அடுத்து வருபவர் அதைப் பார்த்துத் தன் படத்துக்கும் அதே பெயரைப் போடுவார்.

அன்று கோவளத்தில் அந்தப் பெண் கடைசியில் எழுதியது இது: "இஸ்க்னோகைட்டன், சிற்றினம் முடிவாகவில்லை. இரண்டு. ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. கல்லின் அடிப்பக்கம், கணுக்கால் ஆழம்." பிறகு கல்லை இரண்டு கையாலும் தூக்கி, எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் கீழே வருமாறு மெதுவாக வைத்தாள். ஏற்றம் தொடங்கியிருந்தது.