ஒல்யாவ் சந்தையில் மீனும் காயும் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வே பகுதியில், ரியா ஃபொர்மோசா எனும் காயலின் கரையில் ஒல்யாவ் நகரம் இருக்கிறது. 1916-இல் திறக்கப்பட்ட, மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள் கொண்ட இரண்டு செங்கல் கட்டடங்களே அதன் சந்தை. ஒன்று மீனுக்கு, மற்றது காய்கனிக்கு. அங்கே புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பல, எந்த நாளில் எந்த நேரத்தில் போனாலும் எல்லாம் ஒன்றுபோலக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வருகின்றன.

முதல் தவறு திங்கட்கிழமை மீன் வாங்கப் போவது. ஞாயிறன்று பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், மறுநாள் மீன் மேடைகள் பாதி வெறுமையாக இருக்கும். இருப்பதும் முந்தைய வாரத்துச் சரக்காக இருக்கலாம். சனிக்கிழமை காலைதான் மிகச் சிறந்த நேரம். அன்று சுற்றுவட்டார விவசாயிகள் கட்டடத்துக்கு வெளியே, காயலோரமாகவே கடை விரிக்கிறார்கள். நண்பகல் நெருங்கும்போது மேடைகளைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது.

மத்தி மீனை எல்லா மாதத்திலும் தேடுவது அடுத்த தவறு. குளிர்காலம் அதன் இனப்பெருக்கக் காலம்; உடலில் கொழுப்பு குறைந்து, சுட்டால் வறண்டுபோகும். சாவ் ஜுவாவ் திருநாளில், அதாவது ஜூன் 24 வாக்கில், மத்தியின் கொழுப்பு ரொட்டியில் சொட்டும் என்பது அந்நாட்டுப் பழமொழி. கோடை முழுவதும் அது நன்றாக இருக்கும். வாங்கிய மத்தியைச் சுடப்போகிறீர்கள் என்றால், அதைச் சுத்தம் செய்து தரச் சொல்லாதீர்கள். அங்கே செதிலும் குடலும் நீக்காமல், கல்லுப்பு தூவி முழுதாகவே சுடுவார்கள். தோலும் செதிலும் காப்பதால்தான் சதை கருகாமல் ஈரமாக இருக்கிறது. மற்ற மீன்களுக்குச் சமைக்கும் விதத்தைச் சொன்னால், அதற்கேற்ப மீன்காரம்மாவே வெட்டித் தருவார். எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்னர்தான் என்பதால், வீட்டில் நிறுத்துப் பார்த்துக் குறைகிறதே என்று வருந்த வேண்டாம்.

விலைப் பலகையில் விலையை மட்டும் படிப்பதும் பெரிய இழப்பு. மீன் கடலில் பிடிபட்டதா, பண்ணையில் வளர்ந்ததா, எந்தக் கடற்பகுதியைச் சேர்ந்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 'பெஸ்காடோ' என்றால் பிடிபட்டது, 'அக்விகுல்துரா' என்றால் பண்ணை மீன், 27 என்ற எண் வடகிழக்கு அட்லாண்டிக். ரோபாலோ (கடல் பாஸ்), தோராடா (கடல் பிரீம்) என்ற மீன்கள் பல நேரம் வேறு நாட்டுப் பண்ணைகளிலிருந்து வருபவை. உள்ளூர் மீனைத் தேடிப் போனவர் அவற்றை வாங்கித் திரும்பினால் போன காரியம் நிறைவேறவில்லை என்றே சொல்வேன்.

மட்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சாலையோரம் வாளியில் வைத்து விற்பவரிடம் மட்டும் வாங்கவே கூடாது. சில பருவங்களில் கடலில் பெருகும் நுண்பாசிகளின் நச்சு மட்டியில் சேரும். சமைத்தாலும் அது அழியாது. ஐபிஎம்ஏ என்னும் அரசு நிறுவனம் நச்சை அளந்து, தேவைப்படும் பகுதிகளில் மட்டி எடுக்கத் தடை விதிக்கிறது. வாளிக்காரரின் மட்டி எங்கிருந்து வந்தது என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. நல்ல மட்டியின் ஓடு மூடியிருக்கும்; திறந்திருந்தாலும் விரலால் தட்டினால் மூடிக்கொள்ளும், மூடாததை எறிந்துவிட வேண்டும். வீட்டில் அதை வெறும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தாலோ, காற்றுப்புகாத பையில் கட்டிவைத்தாலோ செத்துப்போகும். லிட்டருக்கு 30 கிராம் அளவில் உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் மணலைக் கக்கிவிடும்.

காய்கனிப் பகுதியில் எல்லோரும் விவசாயிகள் அல்லர். மாம்பழம், வாழைப்பழம், தக்காளி என எல்லாவற்றையும் ஒரே அளவில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பவர் பெரும்பாலும் மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவர். வேரில் மண் ஒட்டிய நான்கைந்து பொருள்களை மட்டும் முன்னால் பரப்பி அமர்ந்திருப்பவரே தோட்டக்காரர். அவரிடம் கோடை இறுதியில் அத்திப்பழம் கிடைக்கும், இலையுதிர் காலத்தில் அல்ஜெசூர் ஊர்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தேடிப் பார்க்கலாம். தமிழுக்கு அன்னாசி என்ற சொல்லைத் தந்த 'அனனாஸ்' அங்கே மேடையில் இருந்தாலும், அது அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் குடில்களிலோ வேறு நாட்டிலோ விளைந்ததாக இருக்கும், அல்கார்வே மண்ணில் அன்று.

பழத்தை அழுத்திப் பார்ப்பதும், எழுதிய விலைக்குப் பேரம் பேசுவதும் அங்கே மரியாதையாகாது. 'போம் தியா' என்று வணக்கம் சொல்லி, இன்றைக்கா நாளைக்கா எனச் சாப்பிடும் நாளைச் சொன்னால் அதற்கேற்ற பதத்தில் பழுத்ததை அவர்களே எடுத்துத் தருவார்கள். சிறு விவசாயிகள் பலர் ரொக்கம் மட்டுமே வாங்குவதால் சில்லறையும் துணிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

மீனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் காய்கறி பார்ப்பது அங்கே நான் அடிக்கடி காணும் தவறு. மீனைத் தாமதித்துத் தேடினாலோ நல்லது தீர்ந்திருக்கும். காலையிலேயே மீனைத் தேர்ந்தெடுத்து, பணம் கொடுத்து, தேவையானால் சுத்தம் செய்து பனிக்கட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போங்கள். மட்டியோடு வதக்கப் பூண்டும் கொத்தமல்லிக் கட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது மீனைப் பெற்றுக்கொள்ளலாம்.