கமாண்டுகளையும் நிரல் துணுக்குகளையும் சேர்த்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோகிராம் எழுதுகிற எல்லாரிடமும் ஏதாவது ஒரு சேமிப்பு இருக்கும். சிலருக்கு நோட்பேட் கோப்பு, சிலருக்கு நோஷன், சிலருக்கு வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட செய்திகள். தேடித்தேடிப் பிடித்த ஒரு கமாண்டுக்காக மறுபடி அலையக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் பெரும்பாலோர் அந்த வரியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது எந்த மெஷினில், எந்தப் பதிப்பில், என்ன நிபந்தனையில் வேலை செய்தது என்பதை எழுதி வைப்பதில்லை. அனேகச் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

லினக்ஸில் பழைய லாக் கோப்புகளை, அதாவது சர்வரில் நடப்பதைப் பதிந்து வைக்கும் கோப்புகளைத் தேடி அழிக்கும் ஃபைண்ட் கமாண்டை எடுத்துக்கொள்வோம். சர்வர் பார்த்துக்கொள்ளும் பலரிடம் இது இருக்கும். முதலில் ஃபைண்ட், அடுத்து ஃபோல்டரின் பாதை, பிறகு ‘பெயர் லாக் என்று முடிய வேண்டும்’ என்ற நிபந்தனை, பிறகு ‘30 நாளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை, கடைசியில் டெலீட். ஃபைண்ட் இவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். முன்னால் உள்ள நிபந்தனைகளில் தேறிய கோப்பு மட்டும்தான் டெலீட் வரைக்கும் வரும்.

வரியை மட்டும் சேமித்தவர் ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கிறார். ஒரே ஒரு லாக் கோப்பை மட்டும் அழிக்காமல் விட வேண்டும். அந்த விதிவிலக்கை எங்கே சேர்ப்பார்? கை தானாக வரியின் கடைசிக்குத்தான் போகும், அதாவது டெலீட்டுக்குப் பின்னால். அங்கே போட்ட நிபந்தனையால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அது சோதிக்கப்படும் முன்பே கோப்பு போய்விடும். டெலீட்டைப் பாதைக்கு அடுத்தே போட்டால் இன்னும் மோசம். அந்த ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஃபைண்ட் அழிக்கப் பார்க்கும். மேனுவல் பக்கத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் துணுக்கை நகலெடுக்கும்போது அந்த எச்சரிக்கை கூடவே வருவதில்லை.

கமாண்டுக்கு மேலே இரண்டே வரி எழுதி வைத்திருந்தால் போதும்: ‘டெலீட் எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். முதலில் அதை எடுத்துவிட்டு பிரிண்ட் போட்டு ஓட்டி, பட்டியலைப் பார்த்த பிறகு அழிக்கவும்.’ ஃபோல்டர்களை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் கமாண்டும் இப்படித்தான். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். ஒரு சாய்கோட்டில் இத்தனை வித்தியாசம் என்றால் அதையும் குறிப்பில் எழுத வேண்டாமா? எதையாவது அழிக்கிற, மேலெழுதுகிற கமாண்ட் எதையும் அதன் ஒத்திகை முறை இல்லாமல் சேமிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது’ என்பதோடு திருப்திப்பட்டுச் சேமிப்பது அடுத்த தவறு. ஜாவாவில் தேதியை எழுத்தாக மாற்றும்போது ஆண்டுக்குச் சிறிய எழுத்து ஒய் நான்கு போட வேண்டும். பெரிய எழுத்து ஒய் போட்டாலும் ஏறக்குறைய ஆண்டு முழுக்கச் சரியாகவே காட்டும். ஆனால் பெரிய எழுத்து குறிப்பது நாட்காட்டி ஆண்டை அல்ல, அந்த வாரம் எந்த ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டை. 2019 டிசம்பர் 31 செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் 2020-இன் முதல் வாரமாகக் கணக்காவதால், தேதி 2020 டிசம்பர் 31 என்று வந்து நிற்கும். ஜூன் மாதத்தில் சோதித்துச் சேமித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. ஆண்டு முடிவில் ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் வெடிக்கும். தேதி, நேரம், ரவுண்டிங் சம்பந்தமான எதைச் சேமித்தாலும், எந்த எல்லை மதிப்புகளை வைத்துச் சோதித்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

தமிழில் செயலி செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று மையெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. பழைய குறிப்புகளில் ‘தமிழ் வர வேண்டுமென்றால் யூடிஎஃப்8 வை’ என்று இருக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையின் பெயர் அது. மையெஸ்க்யூஎல் அந்தப் பெயரில் தந்தது ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட் மட்டுமே. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் சரியாக 3 பைட். ஆகவே ‘வணக்கம்’ என்று போட்டுச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பி வரும். பயனர் ஒருவர் கருத்தின் முடிவில் ஒரு சிரிப்பு இமோஜியைப் போட்டார் என்றால் பிழை வரும், ஏனென்றால் அது 4 பைட். 2010-இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்தே இதற்கு 4 பைட் வரை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 இருக்கிறது, 8.0 பதிப்பில் அதுவே இயல்பான அமைப்பும் ஆகிவிட்டது. ஆனால் பழைய துணுக்கு கைமாறிக் கைமாறிப் புது புராஜெக்டுகளுக்குள்ளும் வந்துகொண்டே இருக்கிறது. குறிப்பின் தலையில் தேதியும் பதிப்பு எண்ணும் இருந்தால், எடுக்கிறவர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

பதிப்பு என்றால் மொழியின் பதிப்பை மட்டும் சொல்லவில்லை. செட் (sed) என்ற எழுத்துத் திருத்தும் கமாண்டைக் கொண்டு கோப்பை அதே இடத்தில் திருத்தும் வரி, லினக்ஸில் ஒரு மாதிரியும் மேக்கில் வேறு மாதிரியும் எழுத வேண்டும். மேக்கில் உள்ள செட், பேக்கப் கோப்புக்கான பின்னொட்டைத் தனியாகக் கேட்கும். வெறுமையாகவாவது அதைக் கொடுத்தாக வேண்டும். ‘உபுண்டுவில் சோதித்தது’ என்ற இரண்டு சொல் இருந்தால் டீமில் மேக் வைத்திருப்பவருக்கு அரை நாள் மிச்சம்.

எங்கிருந்து எடுத்தோம் என்ற லிங்கை விட்டுவிடுவதும் பெரிய இழப்பு. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010-இல் வந்த ஒரு ஜாவா பதில் இதற்கு நல்ல சான்று. பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும்படி கிலோபைட், மெகாபைட் என்று மாற்றித் தரும் சிறு துணுக்கு அது. அங்கிருந்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள புராஜெக்டுகளுக்கு மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு அதுதான் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதில் ஒரு பிழை இருந்தது. 9,99,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 மெகாபைட் என்று வர வேண்டியது, 1000.0 கிலோபைட் என்று வந்தது. எழுதியவரே 2019-இல் அதை விளக்கி, பதிலையும் திருத்தினார். மூலத்தில் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் லிங்க் இல்லாமல் நகலெடுத்தவர்களுக்கு அதை அறிய வழியே இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் தளத்தில் உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். கம்பெனி நிரலுக்குள் அப்படியே ஒட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. லிங்கே கதி என்று இருப்பதும் தப்பு. நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. தளங்கள் போகும், பக்கங்கள் இடம் மாறும். ஆகவே லிங்கோடு, அந்தப் பதிலில் உங்களுக்குப் புரிந்த காரணத்தையும் சொந்த வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

பாஸ்வேர்டையும், ஒரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தத் தரப்படும் ஏபிஐ சாவியையும் துணுக்கோடு சேர்த்துச் சேமிப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, செய்யவே கூடாது. ஆனால் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துணுக்குகளைச் சேமிக்க கிட்ஹப் தரும் ‘சீக்ரெட் கிஸ்ட்’ தனிப்பட்டது என்று நினைக்கிறார்கள். அது தேடலில் வராது, அவ்வளவுதான். முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம். கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி. அதன் ரெப்போவில் (சேமிப்பில்) ஒருமுறை கமிட் ஆகிவிட்ட, அதாவது பதிவாகிவிட்ட சாவி, அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி வெளியே போய்விட்டால் சாவியையே ரத்து செய்து புதிது எடுப்பதுதான் வழி. சாவி வர வேண்டிய இடத்தில் ‘இங்கே_உங்கள்_சாவி’ என்று எழுதி வைப்பது நல்லது.

அவசரத்துக்குப் பாதுகாப்பை அணைக்கும் வரிகளும் இந்த வகைதான். சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்துவது, கோப்பில் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போன்றவை. டெஸ்ட் மெஷினில் ‘வேலை முடிந்தது’ என்று சேமித்தால், அதே வரி ஒருநாள் புரொடக்‌ஷனுக்கு, அதாவது பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வருக்குப் போகும். இவற்றை எழுதி வைக்காமல் இருப்பதே மேல்.

எங்கே சேமிப்பது? வேர்டில் வேண்டாம். நேரான மேற்கோள் குறிகளை அது வளைந்த குறிகளாக மாற்றும், இரட்டை ஹைஃபனை நீண்ட கோடாக்கும். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், டெர்மினலில் ஒட்டினால் ஓடாது. ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், தேவைப்படும்போது தேடி எடுப்பது பெரும்பாடு. சாதாரண டெக்ஸ்ட் அல்லது மார்க்டவுன் கோப்புகள், ஒரு தனிப்பட்ட கிட் ரெப்போவுக்குள் இருந்தால் போதும். எந்த எடிட்டரிலும் திறக்கும், கோப்புக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கமாண்டைப் போட்டுத் தேடலாம்.

தேடுவது என்றதும் பலரும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், பத்துப் பதினைந்து டேக் என்று அடுக்கத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தைத் தலைப்புக்குச் செலவிடலாம். ‘கிட் குறிப்பு 3’ என்ற தலைப்பால் யாருக்கும் பயனில்லை. ‘தவறான பிராஞ்சில் கமிட் செய்துவிட்டேன், வேறு பிராஞ்சுக்கு மாற்றுவது எப்படி’ என்று, சிக்கலில் மாட்டியவர் கேட்கும் கேள்வியாகவே வையுங்கள். பிழைச் செய்தி வந்திருந்தால் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் உள்ளே ஒட்டுங்கள். அடுத்த முறை அந்தச் செய்தியைத்தான் தேடுவீர்கள்.

அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒரே நொடியில் கிடைப்பதை எல்லாம் நகலெடுத்து நிரப்ப வேண்டாம். உங்களை அரை மணி நேரமாவது அலைக்கழித்த விஷயம் மட்டும் உள்ளே வரட்டும். எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் சரிதானா என்று பாருங்கள். பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கமாண்டான, நடுவில் ஹைஃபனோடு எழுதும் பழைய டாக்கர்-கம்போஸுக்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றுவிட்டது. இப்போது டாக்கர், இடைவெளி, கம்போஸ் என்றுதான் எழுத வேண்டும். இப்படி ஒன்றைக் கண்டால் பிறகு பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே திருத்தித் தேதியை மாற்றுங்கள். இனி தேவைப்படாத குறிப்பை அழித்தும் விடுங்கள், வேண்டுமென்றால் கிட் வரலாற்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.