சப்ரூடர் படத்தை பிரேம் பிரேமாக ஆராய்வது எப்படி

1963 நவம்பர் 22 அன்று டலஸ் நகரில் ஜோன் எப். கென்னடி சுடப்பட்டதை, ஏப்ரகாம் சப்ரூடர் என்ற உடுப்பு வியாபாரி தன் 8 மில்லிமீற்றர் கமராவில் எடுத்தார். சத்தமில்லாத படம், மொத்தம் 486 பிரேம் (அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்), 26 செக்கனும் கொஞ்சமும். வன்னியில் இருக்கிற எங்களுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஏன் என்று கேட்கலாம். இந்த அளவுக்கு அலசப்பட்ட படத்துண்டு குறைவு, அலசியவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதும் எழுத்தில் இருக்கிறது, அதனால் பழகுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது. பழகவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன பிரதி என்று பாருங்கள். யூரியூப்பில் கிடைப்பது பெரும்பாலும் செக்கனுக்கு 24 அல்லது 30 பிரேமாக மாற்றியது. ஆனால் அந்தக் கமராவைச் சோதித்த எப்.பி.ஐ. சொன்ன சராசரி 18.3 பிரேம். அப்போ மிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரே பிரேமைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். 486 இருக்கவேண்டிய இடத்தில் 800 அளவில் படம் வந்தால் காரணம் இதுதான். விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஈ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும், ஆனால் பின்னால் போவது கரைச்சல். அதனால் எப்எப்எம்பெக் மாதிரி ஒரு இலவச மென்பொருளால் எல்லாவற்றையும் தனித்தனிப் படமாகப் பிரித்து, இரட்டிப்பானவற்றைக் கழித்து, இலக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய லப்டொப்பே போதும். 133ஆவது பிரேமில் காட்சி சட்டென்று மாறும், பயப்படவேண்டாம்: முன்னால் வந்த மோட்டார் சைக்கிள்களை எடுத்துவிட்டு சப்ரூடர் கமராவை நிறுத்தி, ஜனாதிபதியின் கார் வந்ததும் திரும்ப ஓடவிட்டார்.

அடுத்து ஒரு கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள், வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் நினைப்பதை. ‘210 அளவில் வீதிப் பலகைக்குப் பின்னால் ஜனாதிபதி மறைகிறார், 225இல் தெரிகிறார்’ என்பது இடப்பக்கம். ‘மறைந்திருந்த நேரத்தில் சூடு பட்டது’ என்பது வலப்பக்கம். இரண்டும் ஒரே வரியில் கலந்தால் உங்கள் வேலை அந்த இடத்திலேயே கெட்டுவிடும். மறைந்திருந்த நேரமோ ஒரு செக்கன்கூட இல்லை.

இனிக் கணக்கு. 161ஆவது பிரேமுக்கும் 313க்கும் இடையே 152 பிரேம், 18.3ஆல் பிரித்தால் 8.3 செக்கன். அந்த நேரத்தில் கார் ஓடிய தூரம் 136 அடி. செக்கனுக்கு 16 அடிக்கு மேல், அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர். இந்தக் கொலையை விசாரித்த வாரன் ஆணைக்குழு சொன்ன மணிக்கு 11.2 மைல் இப்படித்தான் வந்தது, நீங்களும் போட்டுப் பார்க்கலாம். கொலைக்குப் பாவித்தது என்று ஆணைக்குழு சொன்ன துவக்கால் அடுத்தடுத்துச் சுட ஆகக் குறைந்தது 2.3 செக்கன் வேண்டும் என்றார்கள், அது 42 பிரேம். யாராவது இரண்டு சூட்டுக்கு பிரேம் இலக்கம் சொன்னால் முதலில் இந்த 42ஐ வைத்துப் பாருங்கள்.

ஆக வடிவாகப் பார்க்கவேண்டியது 312ஐயும் 313ஐயும். தலையில் சூடு பட்டது தெரிவது 313இல், மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். 1967இல் ஜோசையா தொம்சன் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் அளந்து, தலை 2 அங்குலத்துக்கு மேல் முன்னால் போகிறது என்றார். ஆனால் 312 கூர்மையாக இருக்க 313 கமரா ஆடியதால் இழுபட்டிருக்கிறது, வெளிச்சமான விளிம்புகள் எல்லாம் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். அந்த இழுவையே தன் அளவைக் குழப்பியது என்று பல வருடங்களுக்குப் பிறகு அவரே சொன்னார். எதையும் அளக்க முன், காரின் விளிம்பு மாதிரி அசையாத ஒன்று அந்த பிரேமில் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பாருங்கள், அந்தத் தடிப்பைவிடச் சிறிய அசைவை நம்பவேண்டாம்.

208 முதல் 211 வரை மூலப்படத்தில் சேதம். படத்தை வாங்கிய லைப் சஞ்சிகையின் ஆய்வுகூடத்தில் பழுதானது. வாரன் ஆணைக்குழு 1964இல் அச்சிட்ட தொகுதியில் 314, 315 இடம் மாறிப்போயின. இவற்றை வைத்து மட்டும் படமே பொய் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நிக்ஸ், மச்மோர் என்ற இருவர் வேறு பக்கங்களில் நின்று எடுத்த படங்களும் இருக்கின்றன, ஒரே கணத்தை அவற்றோடு ஒத்துப்பாருங்கள்.

சப்ரூடர் செய்த ஒன்றை எங்கள் ஆட்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும். படத்தைக் கழுவிய இடத்திலும் பிரதி எடுத்த இடத்திலும் அன்றைக்கே சத்தியக்கடதாசி வாங்கிவைத்தார். 2009இல் போரின் கடைசியில் எடுத்த படம் இன்னும் உங்கள் வீட்டில் பழைய போனிலோ மெமரி காட்டிலோ இருந்தால், அதை வட்ஸ்அப்பில் அனுப்பி அந்தப் பிரதியை மூலம் என்று வைத்திருக்காதீர்கள், அது படத்தை நசுக்கிவிடும், எடுத்த நேர விபரமும் போய்விடும். போனில் அல்லது மெமரி காட்டில் இருந்து நேரடியாக இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், அந்த போனையோ மெமரி காட்டையோ எறியாதீர்கள். யார் எடுத்தது, எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து, யார் யார் கைக்குப் போனது என்பதை எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு, திகதி போட்டு எழுதி, நம்பிக்கையான சட்டத்தரணி முன்னால் கையெழுத்து வாங்கிவையுங்கள்.