மக்காச்சோளம் விதைக்கும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

மக்காச்சோளம் விதைக்கும்போது நான் முதலில் பார்ப்பது மண்ணின் சூட்டைத்தான். காலையில் 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகுவேன். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் விதைப்பதில்லை. விதை தன் எடையில் சுமார் 30 சதவீதம் நீரை உறிஞ்சினால்தான் முளைவிடும். முதல் இரண்டு நாளில் அது குளிர்ந்த நீரைக் குடித்தால் உள்ளே திசுக்கள் சிதைந்து, முளை மண்ணுக்குள்ளேயே சுருண்டுவிடும். ஒருமுறை அவசரப்பட்டு விதைத்துவிட்டு, பாதி வரிசை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த வேதனை இன்னும் போகவில்லை.

ஆழம் 4 முதல் 5 செ.மீ. போதும். இதைவிட ஆழம் குறைவாக விதைத்தால் ஈரம் சீக்கிரம் காய்ந்து, வேர் சரியாகப் பிடிக்காது. அப்புறம், தண்ணீர் தேங்கவே கூடாது. விதையும் மூச்சு விட வேண்டும்.

விதை பழையதா? 50 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள்.