தூளிக்குப் பக்கத்தில் ஒரு பாய்

எனக்கு இரண்டாவது பிரசவம் சிசேரியன். மூன்றாம் மாதம் பெரியம்மா பார்க்க வந்தவர், "வயிறு இன்னும் உள்ளே போகலையேடி" என்றார். அன்று மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு, காலையும் தலையையும் தூக்கிப் படகு மாதிரி நிற்கும் நௌகாசனம் செய்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து செய்து பழகியதுதான். காலைத் தூக்கியதும் தொப்புளைச் சுற்றி வயிறு நடுவில் மட்டும் ஓட்டுவீட்டு முகடு மாதிரி எழும்பி நின்றது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான் என்றார். பிரசவத்துக்குப் பிறகு செய்யும் எளிய பயிற்சிகளை அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இளைக்க வழி தேடுகிறவர்களுக்கு இது உதவாது.

சுகப்பிரசவமோ சிசேரியனோ, 6 வாரப் பரிசோதனையில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சிசேரியன் என்றால் இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்லலாம்.

முதலில் தசை விலகலைப் பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் விரலைக் குறுக்காக வைத்து அழுத்தினால் நடுவில் பள்ளம் தட்டுப்படும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு மூன்று விரல் போனது.

அதே படுக்கையில் ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வரட்டும், அடியில் எல்லாம் தளரட்டும். விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை மெல்ல மேலே இழுங்கள். மூன்று எண்ணிவிட்டு முழுசாக விட்டுவிடுங்கள். இந்த விடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். இறுக்கியே வைத்திருந்தால் தசை களைத்துப்போகும். எட்டுப் பத்து முறை போதும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்காதீர்கள். முதல் வாரம் எனக்கு அங்கே ஒன்றுமே உணர்வில்லை, யாருடைய உடம்போ மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் லேசாக ஓர் அசைவு தெரிந்தது.

அடுத்தது மார்ஜரி ஆசனம், பூனை மாதிரி முதுகை வளைப்பது. பிள்ளையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிக்கும், அதனால் கையைத் தரையில் ஊன்ற வேண்டாம். மண்டி போட்டு, நாற்காலி இருக்கையில் முழங்கையை வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மூச்சு விட்டபடி முதுகை மேல்நோக்கி வளையுங்கள், இழுத்தபடி நேராக்குங்கள். உடம்பு கனமானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பலன் குறையாது. மார்பு கனக்கும், அதனால் பால் கொடுத்துவிட்டு வருவது நல்லது.

கடைசியாக, காலிரண்டையும் நாற்காலி மேல் போட்டு ஐந்து நிமிடம் சும்மா படுத்திருங்கள். சிசேரியன் தழும்பு ஆறிய பிறகு, அந்த நேரத்தில் அதன்மேல் கை வைத்துப் பாருங்கள். நான் அதைத் தொடவே நாலு மாதம் ஆனது. சுற்றிலும் மரத்துக் கிடக்கும், அது சகஜம்.

மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, நௌகாசனம், வயிற்றை முறுக்கும் ஆசனங்கள் இப்போதைக்கு வேண்டாம். எதைச் செய்தாலும் வயிற்றில் அந்த முகடு எழும்பினால் நிறுத்துங்கள். நின்ற ரத்தப்போக்கு திரும்ப வந்தாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோலக் கனத்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். வாரக்கணக்கில் அழுகையாகவே வந்தாலும் போகத்தான் வேண்டும்.

பிள்ளை தங்காமல் போனவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அவர்கள் உடம்பும் சுமந்ததுதான், பாலும் ஊறும். ஆனால் பச்சைக் குழந்தைகளோடு தாய்மார் வரும் வகுப்புக்கு அவர்களைப் போகச் சொல்லாதீர்கள். வீட்டில், தனியாக, மூச்சு மட்டும் போதும்.

நான் பாதி நாள் நாற்காலி வரை போனதே இல்லை, அதற்குள் தூளி ஆட ஆரம்பித்துவிடும். அப்போதும் வெடுக்கென்று நிமிர்ந்து எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்து போங்கள். மீதி நாளைக்கு.