செய்த உதவியைப் பதிவு போடும்போது

ஒரே உதவிக்கு 'நல்ல மனசு' என்றும் கமென்ட் வரும், 'எல்லாம் விளம்பரம்' என்றும் வரும். எது அதிகம் என்பதைப் பெரும்பாலும் படமும் முதல் இரண்டு வரியுமே முடிவு செய்துவிடும். செய்த உதவியை வெளியில் சொன்னால் என்ன ஆகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. யாருக்கும் தெரியாத உதவியைச் சொன்னால், உதவுகிறவர் என்ற செய்தியும் போய்ச் சேர்கிறது, பெயருக்காகச் செய்தாரோ என்ற சந்தேகமும் சேர்கிறது. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் சந்தேகம் மட்டுமே மிஞ்சுகிறது. அதனால் ஓர் உதவிக்கு ஒரு பதிவு போதும். இரண்டாவது போடுவதென்றால் புது வரவுசெலவுக் கணக்கோ புதுத் தேவையோ இருக்க வேண்டும்.

படத்தில் வாங்குபவரின் முகம் வேண்டாம். "கேட்டோம், சரி என்றார்" என்பது கணக்கில் வராது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் மறுப்பார்? முகம் இல்லாமல் முடியாது என்றால், கொடுத்து ஓரிரு நாள் கழித்து, எழுதியதையும் படத்தையும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் உதவி நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் முகத்தை, பெற்றோர் சம்மதித்தாலும் போடாதீர்கள். அடுக்கி வைத்த பொருட்கள், மூட்டை கட்டும் கைகள், வேலை முடிந்த இடம், இவையே போதுமான படங்கள். 2023 ஜனவரியில் ஆயிரம் பேரின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்து யூடியூபர் மிஸ்டர்பீஸ்ட் வெளியிட்ட காணொளிக்கே, நோயாளிகளைக் காட்சிப்பொருள் ஆக்கலாமா என்ற கண்டனம் வந்தது.

மறைப்பதிலும் கோட்டை விடுகிறோம். போனில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்படித்தால், படத்தின் பிரைட்னஸை ஏற்றியதும் அடியில் இருப்பது தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஏற்றுங்கள். ரசீதில் கணக்கு எண், போன் எண், க்யூஆர் கோடு. பின்னணியில் வீட்டு எண், சீருடையில் உள்ள பெயர். இவ்வளவையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பும் படத்தோடு, எடுத்த இடத்தின் லொகேஷனும் போகக்கூடும்.

எழுத்துக்கு வருவோம். "எளியேனுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்தது" என்ற தொடக்கம் வேண்டவே வேண்டாம். நேராகப் பெருமையடிப்பவரைவிட, அடக்கம் போலப் பெருமையடிப்பவரைத்தான் மக்களுக்கு அதிகம் பிடிக்காமல் போகிறது என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. படிப்பவருக்கும் அது உடனே உறுத்தும். "இன்று 26 மாணவர்களுக்கு விளக்கு வழங்கினேன், மனம் நிறைந்தது" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "இரவுப் படிப்பகத்துக்கு 40 விளக்கு தேவை. 26 வந்துவிட்டன. மீதி 14. ஒன்று வாங்கித் தர முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்." இரண்டாவதில் 'நான்' இல்லை, படிப்பவருக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை கிடைத்தவர் குறை சொல்ல உட்காருவது குறைவு. லைக், ஷேர் மட்டும் கேட்காதீர்கள். ஊரறியச் சின்ன ஆதரவைக் காட்டிவிட்டவர், பிறகு உண்மையான உதவி கேட்கும்போது ஒதுங்கிக்கொள்வதுண்டு.

போட்ட முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பாராட்டுக்கு ஒரு லைக் போதும். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னால் பதிவு உங்களைப் பற்றியதாகிவிடும். "விளம்பரம்" என்பவருக்கு ஒரே பதில்: கணக்கு இங்கே, மீதித் தேவை இங்கே. இரண்டாவது பதில் எழுதினால் சண்டை. "இப்படிச் செய்திருக்கலாமே" என்பவர்தான் பொக்கிஷம். அவர் சொன்னது சரியென்றால் பதிவையே திருத்தி, 'திருத்தம்' என்று எழுதிவிடுங்கள்.

உதவி கேட்டுத் தன் போன் எண்ணைக் கமென்ட்டில் போடுகிறவர்கள் வருவார்கள். அதை உடனே மறைத்துவிட்டு இன்பாக்ஸில் பேசுங்கள். அந்த எண்ணுக்கு முதலில் அழைப்பது மோசடிக்காரராக இருக்கலாம். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு திறந்து பணம் கேட்பதும் நடக்கும். பணம் அனுப்பும் விவரத்தை, பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்த ஒரே பதிவில் மட்டும் வையுங்கள். "தனியாக யாருக்கும் மெசேஜ் அனுப்பிப் பணம் கேட்பதில்லை" என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். தேவை முடிந்த அன்றே அந்த விவரத்தை எடுத்துவிடுங்கள்.